மன்ஹாட்டனில் காலியாகக் கிடக்கும் அலுவலகக் கட்டடங்கள்: எது வீடாகும், எது ஆகாது?

கேள்வி: கூடல்வாசி

கொரோனாவுக்குப் பிறகு நியூயார்க்கில் வெறிச்சோடிய அலுவலகங்களை வீடுகளாக மாற்றினால் வணிகப் பகுதியும் பிழைக்கும், வீட்டுப் பஞ்சமும் குறையும் என்கிறார்கள். 2023 ஜனவரியில் அறிக்கை தந்த மாநகராட்சிக் குழு, பத்தாண்டில் 20,000 வீடுகள் வரை கிடைக்கலாம் என்று மதிப்பிட்டது. ஆனால் ஒரு கட்டடம் மாறுகிறது, அதை ஒட்டி நிற்பது காலியாகவே கிடக்கிறது. இது தேறும், இது தேறாது என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? வரிச் சலுகை இல்லாமல் கணக்குக் கட்டுமா? இதனால் அந்த வட்டாரப் பொருளாதாரம் மீளுமா?

பதில்: தூணும் விட்டமும்

முதலில் பார்க்க வேண்டியது ஜன்னலுக்கும் நடுவில் லிஃப்ட், மாடிப்படி, கழிவறை இருக்கும் கோர் பகுதிக்கும் உள்ள தூரம். 30 அடி என்றால் வசதியாக வீடு பிரிக்கலாம். 45 அடியைத் தாண்டினால் சிக்கல். ஆள் வசிக்கும் ஒவ்வொரு அறைக்கும் ஜன்னல் வேண்டும். அறைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு, அதில் பாதியாவது திறக்கும்படி. குளியலறையை உள்ளே தள்ளலாம், அதற்கு மின்விசிறிக் காற்றோட்டம் போதும். படுக்கையறையை அப்படித் தள்ள முடியாது. அதனால் ஆழமான தளங்களில் ஜன்னல் இல்லாத அறையை 'ஹோம் ஆபீஸ்' என்று வரைபடத்தில் எழுதிவிடுகிறார்கள். குடிவருபவர் அதில்தான் கட்டில் போடுவார். நல்ல வடிவமைப்பாளர் இதை நம்பி வீடு பிரிக்கக் கூடாது.

ஏசி பரவுவதற்கு முன் கட்டியவை வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஜன்னலையே நம்பியதால் மேலே போகப்போக ஒல்லியாக இருக்கும். 70 பைன் ஸ்ட்ரீட், 1 வால் ஸ்ட்ரீட் இரண்டும் 1930-களின் தொடக்கத்தில் எழுந்தவை, இரண்டும் வீடாகிவிட்டன. 1960-களுக்குப் பிந்திய அகன்ற பெட்டிக் கட்டடங்கள்தான் தலைவலி.

அவற்றுக்கும் ஒரு வழி உண்டு. 25 வாட்டர் ஸ்ட்ரீட்டைப் பாருங்கள். 22 மாடி, அகன்ற தளம், செங்கல் சுவரில் கீற்றுப் போன்ற ஜன்னல்கள். நடுவே இரண்டு இடத்தில் மேலிருந்து கீழ்வரை தளங்களை வெட்டி வெளிச்சக் கிணறு எடுத்தார்கள். வெட்டியதில் போன தரைப் பரப்பை உச்சியில் பத்து மாடியாகச் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளே இருட்டாகக் கிடந்த, வாடகை வராத பரப்பு, நல்ல காட்சி தெரியும் மேல்மாடியாக மாறியது. மொத்தம் 1,320 வீடுகள். பழைய தூணும் அஸ்திவாரமும் கூடுதல் மாடிகளைத் தாங்குமா என்று பார்க்காமல் இந்த வழிக்குப் போகக் கூடாது.

கான்கிரீட் தளம் பெரும்பாலும் பிரச்சினை தராது. அலுவலகத்துக்குச் சதுர அடிக்கு 50 பவுண்டு பாரம், வீட்டுக்கு 40 என்றுதான் கணக்கு. தளத்தில் துளை போடும்போதுதான் கவனம் வேண்டும். அலுவலகத்தில் குழாய்கள் கோர் பக்கம் மட்டும் இருக்கும். வீடுகளுக்கோ ஒவ்வொரு சமையலறைக்கும் குளியலறைக்கும் செங்குத்தாகக் குழாய் இறங்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் இழுத்து இறுக்கிய எஃகு வடங்கள் உள்ள தளமானால் ஸ்கேன் செய்யாமல் துளைபோடவே கூடாது. ஒரு வடம் அறுந்தால் அந்தப் பகுதியே வலுவிழக்கும். லிஃப்ட் விஷயத்தில் லாபம் உண்டு. வீடுகளுக்கு அத்தனை லிஃப்ட் தேவைப்படாது, மிஞ்சும் குழிகளில் குப்பைக் குழாயையும் கழிவுநீர்க் குழாய்களையும் இறக்கலாம். பழைய கட்டடமென்றால், இடிக்கத் தொடங்குமுன் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு முடிந்திருக்க வேண்டும்.

பதில்: வரிக்கணக்கு

சட்டப்படி மாற்றலாமா என்ற கேள்வி இப்போது எளிதாகிவிட்டது. 2024 டிசம்பரில் மாநகர மன்றம் ஏற்ற விதிமாற்றத்தின்படி 1990 வரை கட்டப்பட்டவை தகுதி பெறும். முன்பு பல இடங்களில் 1961-க்கு முந்தியவை மட்டும்தான்.

பணக் கணக்கில் சலுகை இல்லாமல் தேறுபவை குறைவு. 2024-ல் மாநில அரசு கொண்டுவந்த 467-எம் என்ற சொத்து வரிச் சலுகைத் திட்டத்தில், வாடகை வீடுகளில் 25 சதவீதம் கட்டுப்படியான வாடகைக்கு விட வேண்டும். அவற்றில் குடிவருபவர்களுக்கான வருமான வரம்பு, சராசரியாக வட்டார நடுத்தர வருமானத்தில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மொத்த வீடுகளில் 5 சதவீதமாவது அந்த நடுத்தர வருமானத்தில் 40 சதவீதம் என்ற படியில் இருக்க வேண்டும். 200 வீடு என்றால் 50 வீடு ஒதுக்கீடு. 10 வீடு 40 சதவீதப் படியில், மீதி 40 வீடு 90 சதவீதப் படியில் வைத்தால் சராசரி சரியாக 80 வரும். பல திட்டங்கள் இந்த விளிம்பில்தான் நிற்கும்.

பதிலுக்கு, மன்ஹாட்டனில் 96-ஆம் தெருவுக்குத் தெற்கே சொத்து வரியில் 90 சதவீதம் வரை விலக்கு. வேலை தொடங்கும் நாள் முக்கியம்: 2026 ஜூன் 30-க்குள் என்றால் 35 ஆண்டு, 2028 ஜூன் 30-க்குள் 30, 2031 ஜூன் 30-க்குள் 25. கடைசி ஆண்டுகளில் சலுகை படிப்படியாகக் குறையும். வங்கியிடம் போகும்போது அந்தக் கடைசி ஆண்டுகளின் வரியையும் சேர்த்தே காட்டுங்கள்.

1995-ல் வந்த 421-ஜி என்ற பழைய வரிச் சலுகையால் கீழ் மன்ஹாட்டனில் ஏறத்தாழ 13,000 வீடுகள் வந்தன. அதில் கட்டுப்படியான வாடகை நிபந்தனையே கிடையாது. அவ்வளவு பொதுப்பணத்தை விட்டுக்கொடுத்து ஏழைகளுக்கு ஒரு வீடும் கேட்காதது பெரிய தவறு.

பதில்: தெருமுனை

மேலே இருவரும் விட்டது குத்தகை. கட்டடம் 80 சதவீதம் காலி என்றால் போதாது. 14-ஆம் மாடியில் ஒரு நிறுவனத்துக்கு இன்னும் ஆறு ஆண்டு குத்தகை இருந்தால் அந்த மாடி வழியே குழாய் இறக்க முடியாது. அவர்களுக்குப் பணம் கொடுத்து வெளியேற்ற வேண்டும், அல்லது அதே உரிமையாளரின் வேறு கட்டடத்தில் இடம் தர வேண்டும். பக்கத்துக் கட்டடம் சும்மா நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மாற்றும் எண்ணம் இருந்தால் புதிய குத்தகைகளில் 'இடிப்புக்காகக் காலி செய்யும்' நிபந்தனையை இப்போதே சேர்க்க வேண்டும்.

பொருளாதாரம் மீளுமா என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு. 3 லட்சம் சதுர அடி அலுவலகத்தில், ஆளுக்கு 200 சதுர அடி வைத்தால், 1,500 பேர். அதே இடத்தில் 300 வீடு வந்தால் 500, 600 பேர். பகலில் தெருவில் நடப்பவர்கள் குறைவார்கள். மதியச் சாலட் விற்கும் கடை இதில் பிழைக்காது. மளிகை, மருந்துக்கடை, துணி வெளுப்பு, குழந்தைகள் காப்பகம் இவைதான் நிற்கும். அதுவும் வார இறுதியில் நன்றாக ஓடும். தரைத்தளக் கடைகளை 8,000 சதுர அடியாக விடாமல் 800, 1,200 என்று பிரித்தால்தான் இவர்கள் வாடகை கட்ட முடியும்.

இன்னொன்று பள்ளி. தனி அனுமதி கேட்காமல் விதிப்படியே செய்யக்கூடிய மாற்றங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு தேவையில்லை. ஆகவே எத்தனை பள்ளி இடம் வேண்டும் என்று அந்தக் கட்டத்தில் யாரும் கணக்கெடுப்பதில்லை. கீழ் மன்ஹாட்டனில் 8 ஸ்ப்ரூஸ் ஸ்ட்ரீட் கோபுரத்தின் அடி மாடிகளில் அரசுப் பள்ளியை வைத்தது நல்ல முன்மாதிரி. ஆனால் அது புதுக் கட்டடம். பழைய அலுவலகத்தில் தூண் நெருக்கத்தால் வகுப்பறை அமைப்பதும் சுலபமில்லை.

கூடல்வாசி

நன்றி. அப்படியானால் 1970-களின் அகன்ற கட்டடம், பாதி இடத்தில் குத்தகை இன்னும் முடியவில்லை. இதை என்ன செய்வது?

தூணும் விட்டமும்

குத்தகைகளைக் கீழ் மாடிகளுக்கு நகர்த்த முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் கீழே அலுவலகம், மேலே வீடு. இரண்டுக்கும் தனித்தனி நுழைவாயில், தனி லிஃப்ட் வரிசை வேண்டும். வீட்டுக் குழாய்களை, வீடும் அலுவலகமும் சந்திக்கும் எல்லைத் தளத்தின் கூரைக்கடியில் பக்கவாட்டில் திருப்பி, கோர் வழியே இறக்கலாம். அதற்கு அந்த ஒரு மாடியின் உயரத்தில் மூன்று நான்கு அடியாவது போய்விடும். அந்த மாடியை இயந்திர அறைகளுக்கு ஒதுக்கிவிடுவதே நல்லது.