குவிந்து கிடக்கும் ரன்களில் சிறந்ததை எப்படி எடுப்பது?

மீன்கொத்தி:
இமேஜ் கிளாசிஃபிகேஷன் வேலை ஒன்றுக்கு லேர்னிங் ரேட், பேட்ச் சைஸ், டிராப்அவுட் என்று பயிற்சி அமைப்புகளை எல்லாம் மாற்றி மாற்றி ஓட்டியதில், ஒவ்வொரு பயிற்சி ஓட்டத்தையும் ஒரு ரன்னாகப் பதிவு செய்யும் எம்எல்ஃப்ளோ கருவியில் ஒரே எக்ஸ்பெரிமென்ட்டுக்குள் ரன்கள் குவிந்துவிட்டன. திரையில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இனி நடக்காது. வேலிடேஷன் லாஸ் (பயிற்சியில் சேர்க்காத படங்களில் மாடல் செய்யும் பிழையின் அளவு) குறைவாக உள்ள ரன்னைப் பைத்தானிலேயே எடுத்து அதன் மாடலை அடுத்த கட்டத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் ரன்களைத் தேடும் சர்ச் ரன்ஸ் ஃபங்ஷன் தரும் டேட்டாஃபிரேமின் (அட்டவணையின்) முதல் வரிசையைப் பார்த்தால் அது சிறந்த ரன்னாகவே இல்லை. இன்னொன்று, கிராஃபில் எல்லாவற்றையும்விடக் கீழே இறங்கிய ஒரு ரன், திரையில் லாஸ் நெடுவரிசையைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால் எங்கோ பின்னால் நிற்கிறது. ஏன் இப்படி?

வடகாற்று:
முதலாவது சுலபம். எப்படி வரிசைப்படுத்த வேண்டும் என்று சொல்லாவிட்டால் சர்ச் ரன்ஸ் கடைசியாகத் தொடங்கிய ரன்னைத்தான் மேலே வைக்கும். ஆர்டர் பை-யில் மெட்ரிக்கின் (லாஸ், அக்யூரசி போன்ற அளவீட்டின்) பெயரைக் கொடுத்து, லாஸ் என்றால் ஏறுவரிசை, அக்யூரசி என்றால் இறங்குவரிசை என்று சொல்லுங்கள், மேக்ஸ் ரிசல்ட்ஸ் 1 போதும். பாதியில் நின்றுபோன ரன்கள் வேண்டாம் என்றால் ஃபில்டரில் ஸ்டேட்டஸ் ஃபினிஷ்ட் என்றும் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவதுதான் பலர் கவனிக்காமல் விடுவது. ஒவ்வொரு எபோக்குக்கும் (பயிற்சிப் படங்கள் முழுவதையும் ஒரு முறை கடப்பது) லாஸைப் பதிவு செய்தாலும், தேடும்போதும் வரிசைப்படுத்தும்போதும் எம்எல்ஃப்ளோ எடுத்துக்கொள்வது கடைசி ஸ்டெப்பின் மதிப்பை மட்டும்தான். உங்கள் ரன் 12ஆம் எபோக்கில் அடிமட்டத்தைத் தொட்டு, அப்புறம் ஓவர்ஃபிட் ஆகி (பயிற்சிப் படங்களையே மனப்பாடம் செய்து) 40ஆம் எபோக்கில் மேலேறி முடிந்திருந்தால், பட்டியலில் தெரிவது அந்த 40ஆம் எபோக்தான். பயிற்சி லூப்புக்குள்ளேயே இதுவரை வந்ததில் குறைந்த லாஸ் எது என்று தனி மெட்ரிக்காகப் பதிவு செய்து அதை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஏற்கெனவே முடிந்த ரன்களுக்கு மெட்ரிக் ஹிஸ்டரியை எடுத்து மினிமம் கண்டுபிடிக்கலாம், ஆனால் அந்த எபோக்கின் செக்பாயிண்ட்டை, அதாவது அப்போதைய மாடலின் நகலை, சேமிக்காமல் விட்டிருந்தால் எண் மட்டும்தான் மிஞ்சும், மாடல் கிடைக்காது. வெயிட்ஸ் அண்ட் பயசஸ் என்ற இதே மாதிரிக் கருவியிலும் இதே கதைதான், சம்மரியில் நிற்பது கடைசி மதிப்பு, டிஃபைன் மெட்ரிக்கில் மின் என்றோ மேக்ஸ் என்றோ சொன்னால்தான் மாறும்.

குறிஞ்சி:
வடகாற்று சொன்னதைச் செய்யுங்கள், ஆனால் மேலே வந்த ஒன்றை உடனே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். 1000 படங்கள் உள்ள வேலிடேஷன் செட்டில் 90 சதவீத அக்யூரசி என்றால் அதன் ஸ்டாண்டர்ட் எரர் (தற்செயலாக எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதன் அளவு) கிட்டத்தட்ட 1 சதவீதப் புள்ளி. அதில் 91.2-க்கும் 91.5-க்கும் இருக்கும் வித்தியாசம் வெறும் மூன்று படங்கள். நிறைய ரன்களில் உச்சத்தைத் தேடும்போது நல்ல அமைப்பும் மேலே வரும், அதிர்ஷ்டமான சீடும் (பயிற்சியின் தற்செயல் தேர்வுகளைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) மேலே வரும், இரண்டும் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரியும். மேலே உள்ள நான்கைந்தை வேறு வேறு சீடில் மறுபடி ஓட்டிச் சராசரியைப் பாருங்கள்.

மீன்கொத்தி:
நன்றி, தனி மெட்ரிக் வைத்ததும் அந்த ரன் முதலிடத்துக்கு வந்துவிட்டது. செக்பாயிண்ட்டும் இருக்கிறது. குறிஞ்சி, ஒரு சந்தேகம். எல்லா ரன்னும் அதே 1000 படங்களில்தான் சோதிக்கப்படுகின்றன, அப்படியிருக்க அந்த 1 சதவீதத்தை அப்படியே இரண்டு ரன்களின் வித்தியாசத்துக்குப் பொருத்தலாமா?

குறிஞ்சி:
சரியான கேள்வி, பொருத்தக் கூடாது. சுலபமான படங்களை இரண்டு மாடலும் சரியாகச் சொல்லும், கடினமானவற்றில் இரண்டும் தவறும், அதனால் வித்தியாசத்தில் உள்ள இரைச்சல் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இரண்டும் முரண்படும் படங்களை மட்டும் எண்ணுங்கள். முதல் மாடல் மட்டும் சரியாகச் சொன்னவை 20, இரண்டாவது மட்டும் சரியாகச் சொன்னவை 17 என்றால், 37 முறை நாணயம் சுண்டினாலும் அப்படி வரும், அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அதுவே 3-க்கு 0 என்று வந்தாலும் எண்ணிக்கை போதாது. 30-க்கு 7 என்றால் நம்பலாம். இதற்குப் பெயர் மெக்நெமர் சோதனை, 1947இல் வந்தது. ஒவ்வொரு ரன்னின் கணிப்புகளையும் ஆர்ட்டிஃபேக்ட்டாக (ரன்னோடு வைக்கும் கோப்பாக) சேமித்து வைத்தால் எப்போது வேண்டுமானாலும் இதைச் செய்யலாம்.

வடகாற்று:
ஒன்று விட்டுப்போனது. கடைசிச் சோதனைக்கென்று தனியே ஒதுக்கிய டெஸ்ட் செட்டின் மதிப்பை இந்த வரிசைப்படுத்தலுக்குள் கொண்டுவராதீர்கள். அதை வைத்துத் தேர்ந்தெடுத்த நிமிடமே அதுவும் இன்னொரு வேலிடேஷன் செட் ஆகிவிடும், பிறகு வெளியில் சொல்ல நேர்மையான எண் எதுவும் கையில் இருக்காது. எந்த ரன் என்று முடிவானதும் ஒரே ஒரு முறை டெஸ்ட்டில் ஓட்டி, அந்த மதிப்பை அந்த ரன்னுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள்.