புதுப்பிப்பு: மாமல்லபுரத்தில் மேகமூட்டம், பலித்த யோசனை எது

கடற்கரைக் கோயிலில் சூரிய உதயம் எடுக்கப் போகும் நாளில் மேகம் மூடிக்கொண்டால் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வானம் கடைசிவரை சாம்பல்தான். அடுத்து அர்ச்சுனன் தபசு என்ற பாறைப் புடைப்புச் சிற்பம், அது சரிப்படவில்லை. திறந்தவெளிப் பாறை என்பதால் ஒளி எல்லாப் பக்கமும் சமமாக விழுகிறது, நிழலே இல்லை, புடைப்பு தட்டையாகிவிடுகிறது.

பலித்தது, "குடைவரைக்குள் போங்க" என்ற யோசனை, அதாவது பாறையைக் குடைந்து செய்த மண்டபங்களுக்குள். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் துர்க்கை வடக்குச் சுவரில், அனந்தசயனம் தெற்குச் சுவரில். ஒளி கிழக்கு முகப்பு வழியாக மட்டுமே வருவதால் இரண்டு சிற்பங்கள் மீதும் பக்கவாட்டில் வருடிச் செல்கிறது. வெயில் நாளில் தூண்களுக்கு வெளியே வெளுத்து, உள்ளே கருத்துவிடும். மேகத்தில் இந்த வெளிச்ச வித்தியாசம் குறைந்து, ஒரே ரா கோப்பில் (கேமரா பதிவதை அப்படியே வைக்கும் கோப்பு) இரண்டும் அடங்கின. சிலர் சொன்ன எச்டிஆர் (வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாக்குவது) தேவைப்படவில்லை.

முக்காலிக்குத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். அதனால் கையில் பிடித்தே: 24 மி.மீ. லென்ஸ், துளை எஃப்/4, 1/30 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 1600. லென்ஸிலோ கேமராவிலோ அதிர்வுக் குறைப்பு இல்லையென்றால் 1/60, ஐஎஸ்ஓ 3200. ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் வரும் புள்ளி இரைச்சலைப் பின்னால் குறைக்கலாம், ஆட்டத்தை ஒன்றும் செய்ய முடியாது.

எதிர்பாராதது நிறம். கேமராவே நிறச் சமநிலையை முடிவு செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸில் பாறை ஒரு படத்தில் நீலமாகவும் அடுத்ததில் பச்சையாகவும் வந்தது. நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் நிற அட்டையைச் சிற்பத்தின் அருகே, மண்டபத்துக்குள்ளேயே பிடித்து அளந்ததும் சரியாயிற்று. வெளியே அளந்தால் பயனில்லை.

வராக மண்டபத்துக்கும் இதே முறைதான். அது மேற்கு நோக்கியது, ஆனால் மேகம் இருந்தால் காலையா மாலையா என்பது பொருட்டல்ல.