ஜெர்மன் சாப்பாட்டில் வெள்ளரி ஊறுகாய்: எங்கே, எதோடு சாப்பிட்டீர்கள்?

லைப்சிக்வாசி:
எனக்கு ரூலாடன்தான். கீழ்வீட்டுப் பாட்டி ஞாயிறு மதியத்துக்குச் செய்வார். மெல்லிசாக வெட்டிய மாட்டிறைச்சியை விரித்து, உப்பும் மிளகும் தூவி, கடுகு விழுதை ஓரம்வரை தடவுவார். மேலே பன்றிக் கொழுப்பு, வெங்காயம், நீளவாக்கில் நறுக்கிய வெள்ளரி ஊறுகாய். பாய் மாதிரி சுருட்டி, நூலால் கட்டி, சுற்றிலும் சிவக்க வறுத்த பிறகு மூடிபோட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் சிறுதீயில் வேகவேண்டும். ஊறுகாயைப் போய் யாராவது வேகவைப்பார்களா என்று நம்மாட்கள் முகம் சுளிப்பார்கள். வெட்டிப் பாருங்கள், காய் குழைந்து, புளிப்பு கறியிலும் குழம்பிலும் இறங்கியிருக்கும். குழம்பு சப்பென்று இருந்தால் பாட்டி ஊறுகாய் ஜாடியைச் சாய்த்து அந்த வினிகர் தண்ணீரில் ஒரு கரண்டி விடுவார். தொட்டுக்கொள்ளச் சிவப்பு முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு உருண்டை. இரவில் அதே ஜாடி திரும்ப மேசைக்கு வரும். கம்பு ரொட்டி, ஈரல் சாசேஜ், ஒரு ஊறுகாய், அவ்வளவுதான் சாப்பாடு.

துறைமுகத்தான்:
ஹாம்பர்க் பக்கம் வந்தால் லாப்ஸ்கௌஸ் கேளுங்கள். பழைய மாலுமிச் சாப்பாடு. உப்புக்கண்டமாக்கிய மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, பீட்ரூட் எல்லாம் மசித்து, மேலே ஒரு பொரித்த முட்டை. பார்க்கச் சகிக்காது, உண்மைதான். பக்கத்தில் வைக்கும் வெள்ளரி ஊறுகாயைக் கடித்துக் கடித்துத்தான் தட்டு காலியாகும். கூடவே வரும் ரோல்மாப்ஸிலும் அதே காய்தான்: வினிகரில் ஊறிய ஹெர்ரிங் மீனை அதன்மேல் சுற்றி, குச்சி குத்தியிருப்பார்கள்.

பெர்லின் மாமி:
சைவக்காரர்கள் ஸ்ப்ரேவால்டுக்குப் போங்கள், பெர்லினுக்குத் தென்கிழக்கே. லூபெனாவ் படகுத்துறையில் விதவிதமான ஊறுகாய் வைத்து விற்பார்கள். சதகுப்பை, கடுகு, வெங்காயம் போட்டு வினிகரும் சர்க்கரையும் சேர்த்தது ஒன்று. எனக்குப் பிடித்தது மற்றது: வினிகரே கிடையாது, உப்புத் தண்ணீரில் கிடந்து தானாகப் புளித்தது. தண்ணீர் கலங்கலாக இருந்தால் பயப்படாதீர்கள், அது அப்படித்தான். 1999 முதல் ஸ்ப்ரேவால்ட் வெள்ளரி ஊறுகாய்க்கு ஐரோப்பிய யூனியனின் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது, அதனால் கண்ட ஜாடியிலும் அந்தப் பெயரை ஒட்ட முடியாது.

லைப்சிக்வாசி:
மாமி, உருளைக்கிழங்கு சாலட்டை விட்டுவிட்டீர்களே! இங்கே மயோனைஸ், பொடியாக நறுக்கிய ஊறுகாய், கொஞ்சம் ஜாடித் தண்ணீர்.

ஸ்டுட்கார்ட் சுப்பு:
மயோனைஸா? இங்கே சூடான இறைச்சி ரசமும் வினிகரும் எண்ணெயும்தான். வடக்கத்திக்காரர்கள் பேச்சை நம்பாதீர்கள்.