தகரக் கூரையில் ஸ்கைலைட்: வெட்டி, சுற்றிச் சிலிக்கான் வைத்தால் போதுமா?

இழைப்புளி (கேள்வி)

வணக்கம். மரவேலைக்கென்று ஒரு ஷெட் வைத்திருக்கிறேன். 6 மீட்டர் அகலம், 9 மீட்டர் நீளம். நடுவில் முகடு, இரு பக்கமும் சரிவு, சாய்வு ஏறக்குறைய 10 டிகிரி. மேலே பெயின்ட் பூசி வரும் மேடு பள்ளத் தகர ஷீட், கீழே ஷீட்டைத் தாங்க இரும்புப் பர்லின் (குறுக்கு விட்டம்). சீலிங் கிடையாது. நண்பகலில்கூட விளக்கு போடாமல் வேலை நடக்காது. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க, பலகையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது. அதனால் கூரையில் ஸ்கைலைட், அதாவது வெளிச்சம் இறங்கும் திறப்பு, வைக்க நினைக்கிறேன்.

வெல்டிங் வேலை செய்பவர் ஒருவர் வந்து பார்த்தார். "ரெண்டு இடத்துல சதுரமா வெட்டி, மேல கண்ணாடி வச்சு, சுத்தி சிலிக்கான் அடிச்சா முடிஞ்சது, அரை நாள் வேலை" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. கீழே மோட்டார் வைத்த மெஷின்கள் நிற்கின்றன, காய வைத்த பலகைகள் அடுக்கியிருக்கின்றன. ஒரு சொட்டு ஒழுகினாலும் நஷ்டம்தான்.

கண்ணாடி வைப்பதா, பாலிகார்பனேட் (வெளிச்சம் விடும் பிளாஸ்டிக்) ஷீட்டா? எவ்வளவு பெரியதாக வைக்கலாம்? ஒழுகாமல் வைக்க வழி உண்டா? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

முகட்டுவளை

உங்கள் மனசு ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. அவர் சொன்னபடி செய்தால் முதல் மழைக்கு ஒழுகாது. ஓரிரு வருஷத்தில் கண்டிப்பாக ஒழுகும். கூரை வேலையே என் பிழைப்பு. அப்படி வைத்ததைப் பிரித்துத் திரும்ப வைக்கத்தான் என்னைப் பாதிப் பேர் கூப்பிடுகிறார்கள்.

ஏன் ஒழுகுகிறது என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வரும். தகரம் சும்மா இருப்பதில்லை. வெயிலில் நீளும், ராத்திரியில் சுருங்கும். 3 மீட்டர் இரும்பு ஷீட் 40 டிகிரி சூடேறினால் ஒன்றரை மில்லிமீட்டர் நீளும். அதே நீளமுள்ள பாலிகார்பனேட் அதே சூட்டில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் நீளும். இரண்டையும் நடுவில் ஒரு கோடு சிலிக்கான் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால், தினமும் அதை இழுத்து இழுத்து விடுகிறீர்கள். ஒரு நாள் ஓரத்தில் முடி கனத்துக்கு விட்டுக்கொடுக்கும், அந்த இடுக்கில் தண்ணீர் ஏறும். பட்டையாக ஒட்டியிருப்பது போலத்தான் கண்ணுக்குத் தெரியும். நகத்தை விட்டுப் பார்த்தால் ஓரம் மட்டும் எழும்பி வரும்.

அதனால் தண்ணீரைத் தடுப்பது சிலிக்கானின் வேலையாக இருக்கக்கூடாது. ஓடு வேயும்போது செய்வதுதான் இங்கேயும்: மேலே இருப்பது கீழே இருப்பதன் மேல் ஏறி உட்கார வேண்டும். சிலிக்கானைச் சுரண்டி எடுத்துவிட்டாலும் ஒழுகாத மாதிரி வைக்க முடியுமா என்று யோசித்து வையுங்கள். அப்புறம் மேற்காப்புக்குச் சிலிக்கான் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஷெட்டுக்கு வெட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. சீலிங் இல்லை, சரிவின் நீளம் 3 மீட்டர் சொச்சம்தான். அந்தச் சரிவில் ஒரு தகர ஷீட்டை முழுசாகக் கழற்றிவிட்டு, அதே மேடு பள்ளம் உள்ள பாலிகார்பனேட் ஷீட்டை முகட்டிலிருந்து இறவாணம் (கூரையின் கீழ் ஓரம்) வரை ஒரே துண்டாகப் போடுங்கள். மேல் முனை முகட்டு மூடிக்குக் கீழே போய்விடும், கீழ் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் குறுக்கு இணைப்பே கிடையாது. கூரையில் ஒழுகுவது பெரும்பாலும் குறுக்கு இணைப்பில்தான், அதையே இல்லாமல் செய்துவிடுகிறீர்கள். பக்க இணைப்புக்கு, கழற்றிய ஷீட் எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அதே வரிசையில் வையுங்கள். அது மழைக்காற்று அடிக்கும் திசையைப் பார்த்து வைத்ததாக இருக்கும்.

அளவு: பகல் வேலைக்குத் தரைப்பரப்பில் 5 சதவீதத்தில் ஆரம்பிக்கலாம். உங்களுக்கு 54 சதுர மீட்டர், அதாவது 2.7 சதுர மீட்டர் போதும். ஒரு மீட்டர் அகல ஷீட் ஒன்று முழு நீளத்துக்கு 3 சதுர மீட்டரைத் தாண்டிவிடும். பளிங்கு மாதிரி தெளிவான ஷீட் வேண்டாம். அது வேலை மேசையில் வெயில் கட்டம் போடும், உளி முனையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும், சூட்டையும் உள்ளே இறக்கும். பால் வெள்ளை ஷீட் வாங்குங்கள். வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் ஷெட் முழுக்கப் பரவும், நிழல் விழாது. எந்தச் சரிவு என்றால், நண்பகல் வெயில் நேராக விழாத சரிவு.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். பழைய ஷீட்டில் கையளவு அகலத் துண்டு போதாது, முழு அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துப் போய்ப் புது ஷீட்டின் மேல் வைத்துப் பாருங்கள். முதல் மேடும் இரண்டாவது மேடும் அச்சாகப் பொருந்தும். மேட்டுக்கு மேடு ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் கடைசி மேட்டில் அது சேர்ந்து தெரிந்துவிடும். பொருந்தாத ஷீட்டை ஸ்க்ரூ போட்டு இழுத்து உட்கார வைத்தால், அந்த இழுவையிலேயே பின்னால் விரிசல் விடும்.

இனி ஸ்க்ரூ. இதில்தான் நல்ல ஷீட்டையும் கெடுக்கிறார்கள். தகரத்துக்குப் போடுகிற தானே துளைக்கும் ஸ்க்ரூவை நேராகப் பாலிகார்பனேட்டில் இறக்காதீர்கள். முதலில் 10 மில்லிமீட்டர் துளை போடுங்கள், அதில் 6 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. ஷீட் நீள, சுருங்க அந்தச் சுற்று இடைவெளிதான் வழி. துளையை மூட அகலமான வாஷர், அடியில் ஈபிடிஎம் என்கிற வெயில் தாங்கும் ரப்பர். மெத்தென்ற பிவிசி வாஷர் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து கசியும் எண்ணெய்ப் பொருள் பாலிகார்பனேட்டைத் தின்று நட்சத்திர விரிசல் விழ வைக்கும். துளை மேட்டின் தலையில் இருக்க வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் அல்ல. மேட்டுக்குக் கீழே தாங்குகட்டை வைத்தால் ஷீட் அமுங்காது. முறுக்கும்போது ரப்பர் ஷீட்டைத் தொட்டுச் சற்றே தட்டையானதும் நிறுத்திவிடுங்கள். ரப்பர் வெளியே பிதுங்கினால் அதிகம் முறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பெரும்பாலான ஷீட்டில் ஒரு முகத்துக்கு மட்டும்தான் புற ஊதாக் காப்பு இருக்கும். மேலே ஒட்டி வரும் படலத்தில் எந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும் என்று அச்சடித்திருக்கும். மாற்றிப் போட்டால் சீக்கிரம் மஞ்சளித்து நொறுங்கும். வேலை முடிந்த அன்றைக்கே படலத்தை உரித்துவிடுங்கள், வெயிலில் விட்டால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அந்த ஷீட்டுக்கு அடியில் வரும் பர்லினின் மேல்முகத்துக்கு வெள்ளை பெயின்ட் அடியுங்கள். கருப்பு இரும்பு வெயிலில் கொதித்து, ஷீட் அதைத் தொடும் வரியில் கெட்டுப்போகும்.

சிலிக்கான் வாங்கினால் நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கிற வகை துத்தநாகப் பூச்சுள்ள தகரத்தை அரிக்கும், பாலிகார்பனேட்டுக்கும் ஆகாது.

தகரத்தை எங்கேயாவது வெட்ட வேண்டி வந்தால் கிரைண்டர் வேண்டாம், தகரக் கத்தரி அல்லது நிப்ளர் (தகரத்தைச் சிறுசிறு துண்டாகக் கடித்து வெட்டும் கருவி). கிரைண்டரின் தீப்பொறி பெயின்ட்டில் ஊசி முனை அளவுக்குப் பொசுக்கிக்கொண்டு உட்காரும். சில நாளில் அந்தப் புள்ளியெல்லாம் துருப்பிடித்து, கூரை முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். துளை போட்ட இரும்புத் தூளையும் அன்றைக்கே பெருக்கி இறக்கிவிடுங்கள்.

சாளரம்

முகட்டுவளை அண்ணன் சொன்னது சீலிங் இல்லாத ஷெட்டுக்கு மிகச் சரி. சீலிங் போட்ட அறை, குளிர் ஊர் என்று வேறு நிலைமையில் படிப்பவர்களும் இருப்பார்கள், அவர்களுக்காகச் சேர்க்கிறேன். அங்கே ஒற்றை ஷீட் ஒத்துவராது. உள்ளே இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த ஷீட்டின் அடியில் பட்டு வேர்த்துச் சொட்டும். ஒழுகுகிறது என்று நினைத்து மேலே பூசிக்கொண்டே இருப்பார்கள், நிற்காது.

இரட்டைக் கண்ணாடி வைத்த ஸ்கைலைட்டுக்குக் கூரைக்கு மேலே நாலு பக்கமும் ஒரு சட்டம் எழுப்ப வேண்டும். குறைந்தது 100 மில்லிமீட்டர் உயரம், சாய்வு குறைந்தால் இன்னும் கூடுதலாக. ஆபத்தான இடம் சட்டத்தின் மேல் பக்கம். பள்ளங்களில் ஓடி வரும் தண்ணீரெல்லாம் அங்கே வந்து முட்டும். அந்த இடத்தில் தண்ணீரை இரு பக்கமும் பிரித்து விடுகிற மாதிரி நடுவில் உயர்ந்த தகரத் தட்டு வைத்து, அதன் மேல்விளிம்பைக் கூரை ஷீட்டுக்கு அடியில் செருக வேண்டும். கீழ்ப்பக்கத் தகடு ஷீட்டின் மேல் வர வேண்டும். ஈயத் தகடும் செம்புத் தகடும் அலுமினியம், துத்தநாகம் பூசிய தகரத்தோடு சேராது. சேர்த்தால் பூச்சு அரித்துப்போகும்.

இன்னொன்று, நின்ற மடிப்புக் கூரை, அதாவது ஸ்க்ரூ வெளியே தெரியாமல் ஓரங்களை மடித்துப் பூட்டுகிற வகை. அது கிளிப்பின் மேல் நகர்வதற்கென்றே வைத்தது. சட்டத்தை ஷீட்டிலும் பர்லினிலும் சேர்த்து முடுக்கினால் நகர முடியாமல் துளை கிழியும். அந்த வகைக்கு அதற்கென்று வரும் சட்டத்தைத்தான் வாங்க வேண்டும்.

ஏணிப்படி

யாரும் இன்னும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்லியாக வேண்டும். அந்த ஷீட்டின் மேல் யாரும் கால் வைக்கக்கூடாது. புதுசாக இருக்கும்போதும் கூடாது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் தூசு படிந்த பழைய ஃபைபர் ஷீட்டை மிதித்துவிட்டார். தூசும் பெயின்ட்டும் சேர்ந்து அது தகரம் போலவே தெரிந்தது. நேராகத் தரையில் விழுந்தார். உயிர் பிழைத்தார், நடை பழையபடி வரவில்லை. கூரை ஏறுகிறவர்களுக்கு வழக்கமாக நடக்கிற விபத்து இதுதான்.

ஷீட் போடும் முன்னால் பர்லின் மேலே வெல்ட் செய்த கம்பி வலையை விரித்து முடுக்கிவிடுங்கள். வெளிச்சம் பெரிதாகக் குறையாது. வேலை நடக்கும்போது இரண்டு மூன்று பர்லினுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள், உடல் முழுக்கப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டையைப் போட்டு ட்ரஸ்ஸில் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டத்தில்) கட்டுங்கள். ஷீட்டைக் கழற்றிய திறப்பைச் சாப்பிடப் போகும்போதுகூட அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இழைப்புளி

மூவருக்கும் நன்றி. கம்பி வலை என் யோசனையிலேயே இல்லை, கட்டாயம் போடுகிறேன். இப்போது ஏணி வைத்து அளந்தேன். பர்லினுக்குப் பர்லின் 1.45 மீட்டர் இருக்கிறது. சரிவுக்கு மூன்றுதான்: முகட்டில், நடுவில், ஓரத்தில். இது பாலிகார்பனேட்டுக்குப் போதுமா? அப்புறம், போட்டு முடித்ததும் மழைக்குக் காத்திருக்காமல் சோதிக்க முடியுமா?

முகட்டுவளை

தகரத்துக்கு அந்த இடைவெளி சரி, பாலிகார்பனேட் தகரத்தைவிட இளகியது. காற்று தூக்கும்போது நடுவில் படபடவென்று அடிக்கும், அடித்து அடித்துத் துளை அகலமாகும். ஷீட்டோடு வரும் தாளில் எத்தனை மில்லிமீட்டர் கனத்துக்கு எவ்வளவு இடைவெளி என்று அட்டவணை இருக்கும், அதன்படி போங்கள். நானாக இருந்தால் அந்த ஒரு ஷீட்டுக்கு அடியில் மட்டும், ஒவ்வொரு இடைவெளிக்கும் நடுவில் ஒரு துண்டுப் பர்லின் போடுவேன். பக்கத்து ட்ரஸ் வரை நீட்டிப் பிடித்துவிட வேண்டும், அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது. இருக்கிற பர்லினை எந்தக் காரணத்துக்கும் வெட்டவிடாதீர்கள். மேல் கீழ் இரு முனையிலும் மேட்டுக்கு மேடு ஸ்க்ரூ, நடுப் பர்லின்களில் ஒன்றுவிட்டு ஒன்று. முகட்டு மூடிக்கு அடியிலும் இறவாணத்திலும் மேடுகளின் வாயை அடைக்க அதே வடிவத்தில் நுரைப்பட்டை கிடைக்கும், அதை வையுங்கள். இல்லாவிட்டால் காற்றடித்தால் தூவானம் உள்ளே வரும், பறவையும் கூடு கட்டும்.

சோதனைக்குக் குழாய்த் தண்ணீர் போதும். ஆனால் எடுத்த எடுப்பில் முகட்டில் அடிக்காதீர்கள். எல்லாம் சேர்ந்து நனைந்துவிட்டால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கீழ் ஓரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு ஸ்க்ரூ வரிசையிலும் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு மேலே போங்கள். உள்ளே ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். எந்த வரிசைக்கு வரும்போது சொட்டத் தொடங்குகிறதோ அங்கேதான் கோளாறு, பெரும்பாலும் கோணலாக இறங்கிய ஒரு ஸ்க்ரூவாக இருக்கும். பீய்ச்சி அடிக்க வேண்டாம், மழை போல மேலிருந்து கீழாக விழ வேண்டும். ஏணியில் நின்றபடியே செய்யுங்கள். தகரம் நன்றாகக் காய்ந்த பிறகு மேலே ஏறி ஸ்க்ரூவைச் சரி செய்துகொள்ளலாம்.