கழுத்து வலி, எச்சில் முழுங்க முடியல... சுளுக்கு இல்லையாம், கால்சியமாம்!

தூக்கம்போச்சு:
மூணு நாளா கழுத்த திருப்பவே முடியல, தலகாணி சரியில்லாம படுத்து சுளுக்கிருச்சுன்னு நெனச்சு தைலம் தேய்ச்சுட்டு விட்டுட்டேன், மறுநாள் பாத்தா எச்சில் முழுங்கினாலே தொண்டைக்குப் பின்னாடி குத்துது, லேசா ஜுரம் வேற. சீழ் கட்டியிருக்குமோன்னு டாக்டர் சந்தேகப்பட்டு சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க. ரிப்போர்ட்ல லாங்கஸ் கோலின்னு ஒரு தசையோட தசைநார்ல கால்சியம் படிஞ்சிருக்குன்னு போட்டிருக்கு. வெறும் வலி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க, இது போதுமா? நான் கால்சியம் மாத்திரை சாப்பிடறேன், அதனாலயா?

ஸ்கேன்ரூம்:
மாத்திரைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, நீங்களா நிறுத்தாதீங்க. அந்த தசை கழுத்தெலும்புக்கு முன்பக்கம், தொண்டைக்கு நேர் பின்னாடி ஒட்டிக்கிட்டு இருக்கு, அதான் முழுங்கறப்ப வலி. படியறது ஹைட்ராக்ஸிஅபடைட்னு ஒரு கால்சியம் படிகம், தோள்பட்டை தசைநார்லயும் இதே மாதிரி படியும், அது உடைஞ்சு கசியறப்ப சுத்தி வீங்கிரும், நீர் கோக்கும். சிடில கழுத்தோட மேல ரெண்டு எலும்புக்கு முன்னாடி சாக்பீஸ் துணுக்கு மாதிரி வெள்ளையா தெரியும். சீழ்க்கட்டின்னா ஸ்கேனுக்கான மருந்து ஊசில ஏத்தி படம் எடுத்தா சுத்தி வளையம் கட்டின மாதிரி பளிச்சுனு வரும், இதுல அது வராது. அத பாத்துட்டுதான் கத்தி வெக்காம விட்டிருப்பாங்க.

மழைக்காகம்:
எனக்கும் வந்துச்சுங்க. அண்ணாந்து மாத்திரை போட முடியாம குனிஞ்சபடியே முழுங்கினேன் 😅 நாலாவது நாள் குறைய ஆரம்பிச்சு பத்து நாள்ல சரியாயிருச்சு, பொதுவா ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா அடங்கிரும்னுதான் சொன்னாங்க. வலி ரொம்ப இருந்தா கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு குடுப்பாங்க. அல்சர், கிட்னி பிரச்சனை இருந்தா வலி மாத்திரைக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிருங்க. முக்கியமா யாராச்சும் கழுத்த பிடிச்சு சொடக்கு எடுக்கறேன்னு வந்தா ஓடிருங்க. மூச்சு விட கஷ்டமா இருந்தாலோ, எச்சில் முழுங்கவே முடியாம வழிஞ்சாலோ, ஜுரம் ஏறினாலோ அப்போ எமர்ஜென்சிதான், காத்திருக்காதீங்க.

தூக்கம்போச்சு:
சொடக்கு எடுக்க ஆள் ரெடியா இருந்தாங்க, தப்பிச்சேன். இன்னிக்கு அஞ்சாவது நாள், தண்ணி குடிக்கறப்ப வலி பாதிதான் இருக்கு, கொட்டாவி விட்டாதான் இன்னும் உயிர் போகுது.