மறு: 'அடாப்டிவ்' டி செல்லுக்குத் தமிழ்

[குன்னூர்]
வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு நோயாளிக் கையேட்டை முடித்தாக வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்றிய பிறகு எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். அதுவரை உடம்புக்குள் சும்மா கிடந்த சைட்டோமெகலோ வைரஸ் மாதிரி ஆட்கள் எழுந்துகொள்வார்கள். மருந்துக்கு மசியாவிட்டால், நலமாக இருக்கும் ஒருவருடைய ரத்தத்திலிருந்து, அந்த வைரஸை ஏற்கெனவே பார்த்துப் பழகிய டி செல்களை, அதாவது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களை, எடுத்து ஆய்வகத்தில் பெருக்கி ஏற்றுகிறார்கள். தத்தெடுத்தது என்ற பொருளில் ஆங்கிலத்தில் இதற்கு அடாப்டிவ் (adoptive) என்று பெயர். கைக்கு வந்த பழைய வரைவில் 'தகவமைப்பு செல்' என்று இருக்கிறது! தகவமைப்பு என்றால் adaptive; தமிழில் எழுதினால் இரண்டு அடாப்டிவும் ஒன்றுதானே, பாவம். 'தத்து செல்' போடலாமா?

[ஊட்டி]
தம்பி, 'தத்து' வடமொழி. பெறாத பிள்ளையை வளர்ப்பவள் சங்கப் பாட்டில் செவிலி. காவலுக்கு ஏமம்; குறளில் 'ஏமப்புணை' வருகிறதே. ஆக, 'செவிலி ஏமவணு'. 1907-இலிருந்து பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு தத்து, செல் என்றா எழுதுவது?

[கோத்தகிரி]
ஐயா, 'அணு'வும் வடமொழிதானே? தவிர, செவிலி என்றதும் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நர்ஸம்மாதான் நினைவுக்கு வரும். நேற்று பள்ளிக்குக் கீழே முட்டைக்கோஸ் நாற்றுப் பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஓரிடத்தில் வளர்த்து வேறு மண்ணில் நடுவது. 'நாற்றுச் செல்' எப்படி?

[ஊட்டி]
நாறுதல் என்றால் முளைத்தல், தோன்றுதல், மணத்தல். அருமையான சொல்தான், ஆனால் இன்றைக்கு நோயாளி மூக்கைப் பொத்திக்கொள்வார். அணுவை விட்டுவிடுகிறேன், செல்லுக்குக் 'கண்ணறை' வையுங்கள்.

[குன்னூர்]
டீச்சர், நாற்று எனக்கும் பிடித்தது. ஆனால் நாற்று வேர்பிடித்து நிற்க வேண்டும். நோயாளியும் மஜ்ஜை கொடுத்தவரும் அல்லாத மூன்றாம் ஆளிடம் எடுத்த செல்களுக்குத் திசுப்பொருத்தம் அரைகுறை. நோயாளியின் சொந்தச் சக்தி திரும்பும்வரை தாக்குப்பிடித்தால் போதும், அப்புறம் போய்விடும். அதனால் 'கைமாற்று'?

[கூடலூர்]
அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "யாருக்கு எவ்வளவு பாக்கி?" என்கிறார். 'இரவல்' பரவாயில்லை.

[குன்னூர்]
இரவலையும் திருப்பிக் கொடுக்கணுமே! சரி, நேரமில்லை, 'இரவல் டி செல்' என்றே அனுப்பிவிட்டேன். டீச்சரும் தலையாட்டிவிட்டார்.

[ஊட்டி]
நான் ஆட்டவில்லை. அப்புறம், அந்த 'டி' எந்த 'டி'? தைமஸ் சுரப்பியின் முதலெழுத்து. அப்படியானால் தமிழில் 'தை செல்' என்றல்லவா வர வேண்டும்? இதை ஒருத்தரும் கேட்கவில்லை.