'எ நம்பர்' நாடகத்தின் கடைசி வரி: உங்கள் கருத்து தேவை

நண்பர்களே, கேரில் சர்ச்சில் எழுதி 2002இல் அரங்கேறிய 'எ நம்பர்' நாடகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். முடிவு மட்டும் மனதில் நிற்காமல் நழுவுகிறது.

கதை தெரியாதவர்களுக்கு: சால்ட்டர் என்ற தந்தை, தான் சரியாக வளர்க்காத மகனை நான்கு வயதில் வெளியே அனுப்பிவிட்டு, அவனைப் போலவே ஒரு குளோனை, அதாவது அவன் உயிரணுவிலிருந்து உருவாக்கிய பிரதியை, வாங்கி வளர்க்கிறார். அவருக்குத் தெரியாமலே இன்னும் பல பிரதிகள் உருவாகியிருக்கின்றன. மூத்தவன் குளோனைக் கொன்றுவிட்டு, தானும் இறந்துபோகிறான்.

கடைசிக் காட்சியில் இன்னொரு பிரதியான மைக்கேல் பிளாக்கை சால்ட்டர் சந்திக்கிறார். உன்னைப் பற்றி, உனக்கே உரிய ஏதாவது சொல் என்று கெஞ்சுகிறார். அவனோ மனைவியின் காதுகளைப் பற்றிப் பேசுகிறான்! சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லி, கூடவே மன்னிப்பும் கேட்கிறான். அதோடு திரை விழுகிறது.

அந்த மன்னிப்புதான் என் சிக்கல். எதற்காக? தந்தை தேடும் மகனாகத் தன்னால் இருக்க முடியாததற்கா? அல்லது மற்ற இருவருக்கும் கிடைக்காத நிம்மதி தனக்குக் கிடைத்துவிட்டதற்கா? எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. ஆனால் அப்படியானால், மைக்கேல் உண்மையிலேயே உள்ளீடற்றவனா, இல்லை சால்ட்டருக்கு மட்டும் அப்படித் தெரிகிறானா?

அப்புறம் இன்னொன்று. மூன்று மகன்களையும் ஒரே நடிகர்தான் நடிப்பார். மேடையில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், அந்தக் கடைசிச் சொல் எந்தத் தொனியில் வந்தது என்று சொல்லுங்களேன்.